பாக்கி 1

திருவிழா எதையும் நான் பார்த்ததில்லை.
திருவிழா முடிந்து திரும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்,
பதினேழு வருசமாக,
ஃபுட்போர்டில் ஒரு காலும்
கூட்டத்துக்குள் ஒரு காலுமாக.
ஸ்பெஷல் பஸ் என்றால் என்னைத்தான் போடுவார்கள்.

அந்தியூரில் ஆள் ஏறுவதற்கு முன்பே
புல்லும் குதிரை மூத்திரமும் ஏறிவிடும்.
ஓர் ஆடியில்
குதிரையை விற்றவர் கயிற்றை மட்டும் தராமல்
மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு
பவானி வரைக்கும் தடவிக்கொண்டே வந்தார்.
கயிற்றுக்கு லக்கேஜ் போடவில்லை நான்.

பண்ணாரியில் ஏறுகிறவர்கள்
உட்கார்ந்ததும் பாதத்தை லேசாகத் தூக்கி வைத்தால்
குண்டம் இறங்கினவர்கள் என்று அர்த்தம்.
கடைசியில் மாடுகளும் இறங்குமாம்.
மாடு என் வண்டியில் ஏறுவதில்லை,
அதனால் சுட்டதா என்று கேட்க முடியவில்லை.

ஈரோட்டில் கம்பம் பிடுங்குகிற நாளில்
சீட்டு மஞ்சள், டிக்கெட் மஞ்சள்,
பத்து ரூபாய்த் தாளும் மஞ்சள்.
நடந்தால் உப்பும் மிளகும் நறநறக்கும்.
"இது போவாதுங், அடுத்த வருசம் வரைக்கும் இருக்கும்"
என்று பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டுப் போனாள்
டெப்போவில் வண்டி கழுவும் குப்பாயம்மாள்.

தீபாவளி கழிந்த மூன்றாம் நாள்
திம்பத்தில் இருபத்தேழு வளைவும் என்னோடு இறங்கும்
கும்டாபுரத்துச் சாணியடிக்குப் போன பையன்கள்
குளத்தில் முங்கி, சட்டை மாற்றி, சென்ட் அடித்திருப்பார்கள்.
ஒருத்தன் காதுக்குப் பின்னால் பச்சையாக ஒட்டியிருந்தது.
சொன்னேன்.
"இருக்கட்டும்ணா, அடிச்சது என் மச்சான்."

கொடுமணல் பிரிவில் இறங்கிப்போன புருசன் பொண்டாட்டி
சாயங்காலம் அதே வண்டிக்கு வந்தார்கள்.
என்ன பார்த்தீங்க என்றேன்.
"குழியெல்லாம் மூடிட்டாங்க. மேல சோளம்."
செருப்பில் ஒட்டிய மண்ணை
இருவருமே தட்டவில்லை.

டிரைவர் சென்னியப்பனுக்குக் கனவே வராது.
எனக்கு வந்தது.
சிவன்மலை அடிவாரத்தில் இறங்குகிற ஒருவர்,
முகம் நினைவில்லை, கையில் ஏதோ நீளமாக,
டிக்கெட்டைத் திருப்பிக் காட்டுகிறார்.
பின்னால் என் கையெழுத்து: பாக்கி 1.
"அதக் கொண்டாந்து பொட்டியில வெய்யி."

அந்த மலைக்கு எத்தனையோ ட்ரிப் அடித்திருக்கிறேன்.
அன்றைக்குத்தான் மேலே போனேன்.
உத்தரவுப் பெட்டியின் கண்ணாடிக்குள்
எவர் கனவிலோ வந்த ஒரு நூல்கண்டு.
சுற்றிலும் திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள்.
நூல் விலை ஏறுமா, இறங்குமா,
ஆண்டவர் அதைச் சொல்லவில்லை.

என் ஒத்தை ரூபாயை நீட்டினேன்.
குருக்கள் சிரிக்கவில்லை, அதுவே பெரிய மரியாதை.
பூக் கேட்டார்கள்.
வெள்ளை வந்தால் பெட்டிக்குள்.
வரிசையில் நின்ற குழந்தை ஒன்று பொட்டலம் எடுத்துக் கொடுத்தது.
சிவப்பு.
"உத்தரவு இல்லீங்."

சரி, சாமிக்குத் தர வேண்டியதில்லை என்றால்
வேறு யாருக்கோ தர வேண்டியது.
எத்தனை டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதியிருப்பேன்,
எத்தனை பேர் நெரிசலில் கேட்க மறந்து
இறங்கிப் போயிருப்பார்கள்.
அந்தக் கயிற்றுக்காரருக்கும் நான் தரவில்லை.

வண்டி நகர்ந்த பிறகு ஓடி வந்து தொற்றினேன்.
சென்னியப்பன் கண்ணாடியில் பார்த்தார்.
"என்னுங், சட்டையில பூவு?"
காக்கியில் ஒரு சிவப்பு இதழ் ஒட்டியிருந்தது.
பதினேழு வருசத்தில்
என்னிடம் யாரும் கேட்காத கேள்வி.

காங்கயம் வருவதற்குள்
மூன்று பேர் மீதி ஒரு ரூபாய் கேட்டார்கள்.
பையில் இருந்ததே அந்த ஒன்றுதான்.
தேடுகிறவன் போலக் கொஞ்ச நேரம் தேடினேன்.
முதலில் கேட்டவளிடம் கொடுத்துவிட்டு
மற்ற இருவரின் டிக்கெட்டையும் வாங்கித் திருப்பி
பேனாவை எடுத்தேன்.