உரிமைகளுக்குப் பாதகமின்றி

குர்லா கிடங்கின் சுவரில்
என் தோளுயரத்தில் ஒரு பழுப்புக் கோடு.
தண்ணீரை நான் பார்க்கவில்லை.
அது வடிந்து ஒன்பது நாள் கழித்து
டேப்பும் கேமராவுமாக வந்தவள்.
நாலடி இரண்டங்குலம் என்று எழுதினேன்.
வெள்ளத்தைக் கண்ணால் கண்டாயா என்று
ஆபீஸில் யாரும் கேட்கவில்லை.

அறிவரசன் சிரித்தான்.
"கோடு சரி. அது மித்தி ஆறு.
ஆற்றுக்கு வரைபடம் இருக்கு.
உன் ஆளுக்கு?"
அவன் அப்பா கருப்புச் சட்டையில்
மாட்டுங்கா மேடைகளில் கேட்ட கேள்வி.
மகன் பூண்டு உரித்தபடி கேட்கிறான்.

எனக்குத் தெரிந்தது என் தொழில்தான்.
ஜிக்னேஷ்பாயின் துணி மூட்டைகளுக்கு
எங்கள் கம்பெனி பொறுப்பு.
எங்களுக்கு ஃபோர்ட்டில் இன்னொரு கம்பெனி,
அதற்கு ஜூரிச்சில் ஒன்று,
அதற்கும் பின்னால் யாரோ.
ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டலாம்,
வரிசைக்கு முடிவே இல்லாமல்கூட.
ஆனால் ஒருவரிடமும்
சொந்தக் காசு இல்லையென்றால்
ஜிக்னேஷ்பாய்க்குச் செக் வராது.

இங்கே செக் வந்திருக்கிறது, அறிவு.
இந்தப் பூண்டு, அதன் வாசம்,
கிறீச்சிடும் ஃபேன், நீ, நான்.
இருந்தே தீர வேண்டும் என்று
எதற்கும் கட்டாயமில்லை.
எல்லாம் இரவல்.
இரவல் வாங்காத ஒருவர் எங்கோ உண்டென்பது
அவ்வளவு மூடத்தனமா?

உரிப்பதை நிறுத்தினான்.
"இருக்கட்டும். ஏன் ஒருவர்?
வெறும் கஜானாவா இருந்தா?
கஜானாவுக்கா விளக்கேத்துற?"
நல்ல கேள்வி.
அதற்கு என்னிடம் பேப்பர் இல்லை.

ஒன்றை அவனிடம் சொல்லவில்லை.
காவலாளி ராம்கிலாவன்
கோட்டுக்குக் கீழே ஒரு கயிற்றுக் கட்டிலைக் காட்டினார்.
மகள் அதில் தூங்கிக்கொண்டிருந்தாளாம்.
எந்தப் பாலிசியிலும் அவள் இல்லை.
'கடவுளின் செயல்' என்றொரு கட்டம் உண்டு படிவத்தில்,
பதினாறு வருடமாக டிக் போட்ட கட்டம்.
அன்று பேனா அங்கேயே நின்றது.
அறிவு ஜெயித்த இடம் அது.

ராம்கிலாவனோ
அந்தக் கோட்டின் விரிசலில்
ஊதுபத்தி செருகியிருந்தார்.
கும்பிடுகிறீர்களா என்றேன்.
"இல்லை மேடம். கணக்குக் கேட்கிறேன்.
எதிரே ஆளில்லையென்றால்
யாரிடம் கேட்பேன்?"

இதை ஆதாரத்தில் சேர்க்கலாமா, தெரியவில்லை.
யாரும் எனக்கு எதுவும் தர வேண்டியதில்லை என்றால்
இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது,
வட்டியும் முதலுமாக?

எங்கள் தொழிலில்
நிரூபணம் என்று எழுத மாட்டோம்.
கிடைத்த ஆதாரங்களின்படி
நடந்திருக்க வாய்ப்பதிகம் என்போம்.
அடியில் ஒரு வரி:
உரிமைகளுக்குப் பாதகமின்றி.
இந்த நம்பிக்கையில்தான்
கோடிகள் கைமாறுகின்றன.

செம்பூரில் காலை ஏழேகாலுக்கு
விளக்கேற்றுகிறேன்.
திரி அணையக் கூடாதென்று
அறிவு எழுந்துபோய் ஃபேனை நிறுத்துகிறான்.
ஏன் என்று நான் கேட்பதில்லை.
இரண்டு நிமிடத்தில் திரும்பப் போட்டுவிடுகிறான்.
வேர்க்கிறதாம்.