பன்னி

மும்பையில் பன்னி என்றால் வெள்ளித்தாள்.
சிகரெட் பெட்டிக்குள் மடங்கிக் கிடப்பது.
அதன்மேல் பழுப்புத் தூள், அடியில் தீக்குச்சி,
நெளிந்து ஓடும் புகையை
வாயால் துரத்தும் ஓர் ஆள்.

எங்கள் நாசரேத்தில்
(தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்து, பெரிசாக நினைக்க வேண்டாம்)
பன்னி என்றால் சாக்கடையில் புரள்வது.
பதினோரு வருஷம், மாகிம் தண்டவாளத்து ஓரம்,
இரண்டு பாஷைக்கும் நான் பொதுவாக இருந்தேன்.

அண்ணன் ஜெபசிங் தாராவியில் இட்லி வியாபாரம்.
விடியுமுன் சைக்கிள், பாம் பாம் என்று ஹாரன்,
சயான் தாண்டி வடாலா வரை.
அவனுடைய இட்லிக் கொப்பரையை
பதிமூணாம் காம்பவுண்டில் எடைக்குப் போட்டவன் நான்.
ஆறு கிலோ அலுமினியம்.
உள்ளே மாவு காய்ந்து ஒட்டியிருந்தது.
கடைக்காரன் அதற்கு ஐம்பது கிராம் கழித்தான்.

ஜெபம் பண்ணாமல் இல்லை.
தலையில் கை வைத்து, எண்ணெய் பூசி, சத்தமாக,
மூன்று தடவை.
மூன்று தடவையும் ஆமென் சொல்லிவிட்டு
நேரே ஸ்டேஷனுக்குத்தான் போனேன்.
ஒரு தடவை, காணிக்கைக்கென்று
மதினி தந்த ஐம்பது ரூபாயோடு.

பிறகு கர்ஜத்தில் எட்டு மாதம்.
எலும்புக்குள் எறும்பு ஊரிய இரவுகள்.
பக்கத்துக் கட்டிலில் ஒரு மிசோரம் பையன்.
அவன் பேச்சு எனக்குப் புரியாது.
அவன் வாந்தியை நான் துடைத்தேன், என்னுடையதை அவன்.
ஆண்டவர் அங்கே இருந்தாரா என்று கேட்கிறார்கள்.
ஒரு தரைத்துணி இருந்தது.
அதை அலசிக் காயப்போட
யாரோ ஒருவருக்கு எப்போதும் தெம்பு இருந்தது.

பத்தாம் ராத்திரி, மணி மூணு.
விடுதலை என்று கேட்க வாய் வரவில்லை.
பெரிய வார்த்தை. நான் அதை விற்றுவிட்டிருந்தேன்.
"நாலு மணி வரைக்கும் போதும்" என்றேன்.
நாலுக்குத் திரும்பக் கேட்டேன்.
அஞ்சுக்கும்.
எனக்குத் தூக்கம் இல்லை, அவருக்கும் இல்லை போல.

திரும்பி வந்த ஞாயிறு, பிரசங்கத்தில்
பன்னி மேய்த்தவன் வீடு வந்த கதை.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.
கன்றடித்துக் காத்திருக்க எனக்கு அப்பா இல்லை.
அண்ணன்தான் இருந்தான்,
அந்தக் கதையிலும் வாசலுக்கு வெளியே நிற்பானே,
அப்படி.

டிசம்பர் வந்தது.
வாலிபர் சங்கத்துக் கிருபாகரன்
ஒரு முழு ரோலை என் மடியில் போட்டான்.
"அண்ணே, ஸ்டாருக்கு ஒட்டிடுங்க"
என்று ஏணி தேடிப் போய்விட்டான்.
அவன் புதுசு. அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

பன்னி. ஒன்பது மீட்டர்.
மெழுகுவர்த்திக்கென்று ஒரு லைட்டரும் பக்கத்தில்.
நாக்கடியில் நீர் சுரந்தது.
நகம் தானாகத் தாளை நீவியது,
ஒரு சுருக்கம் விழாமல்.
பதினோரு வருஷப் பழக்கம் அல்லவா.

எவ்வளவு நேரம் அப்படி என்று தெரியாது.
மதினி புஷ்பகனி வந்தாள்,
எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள்,
தாளின் மறுமுனையைப் பிடித்தாள்.
லைட்டரை எடுத்து முந்தானையில் முடிந்தாள்.
அவளுக்கு எல்லாம் தெரியும்.
"பசை காயுது" என்றாள்.

ஒட்டினேன்.
ஒரு கால் கோணலான நட்சத்திரம்.
நீவியது மட்டும் கண்ணாடி மாதிரி இருந்ததால்
தொண்ணூறடி ரோட்டு லைட்டெல்லாம்
அதில் வந்து விழுந்தது.

கொப்பரைக்குப் பிறகு அண்ணன் பேசியதில்லை.
இப்போதும் இல்லை.
ஆனால் விடியுமுன் கோயில் வாசலைத் தாண்டும்போது
ஹாரன் இரண்டு தரம் ஒலிக்கிறது.
அந்த முக்கில் அவனுக்கு வாடிக்கை யாரும் கிடையாது.
இருக்கலாம், புதிதாகப் பிடித்திருப்பான்.

இன்றோடு நானூற்றுப் பதினேழு நாள்.
எண்ணிக்கையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.
மணி மூணாகப் போகிறது.
கேட்க வேண்டும்,
நாலு வரைக்கும்.