பதினோராவது வரி

பட்டியலில் பதினோராவது வரி:
நாடா வைத்த உடை கூடாது.
அதற்கு மேல் பெல்ட், ஷூ லேஸ், கண்ணாடி பாட்டில்.
அதற்குக் கீழே, ஆறு செட் துணி,
ஒவ்வொன்றிலும் பெயர் எழுதியிருக்க வேண்டும்.

கரன்ட் போய் வந்த இரவு பதினொன்றரைக்கு
அயனாவரம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து
டிராக் பேன்ட்டிலிருந்து நாடாவை உருவுகிறேன்.
ஒரு முனையைப் பிடித்து இழுத்தால்
இடுப்பு மொத்தமும் சுருங்கிக்கொண்டு வந்து
சட்டென்று விட்டுவிடுகிறது.
ஊக்கில் எலாஸ்டிக்கைக் குத்தி
அதே வழியில் நகர்த்துகிறேன்
துணிக்கு மேலே விரலால் தடவித் தடவி.

யுகேந்திரன்.
எல்.கே.ஜி. கைக்குட்டைக்குப் பிறகு
இப்போதுதான் அவன் பெயரைத் துணியில் எழுதுகிறேன்.
மார்க்கர் மை ஊறிப் பரவி
'கே'யின் கொம்பு தனியாக நிற்கிறது.

தமிழ் எழுதினான், இங்கிலீஷ் எழுதினான்.
கணக்குப் பரீட்சையன்று கதவு திறக்கவில்லை.
அன்று சாயங்காலம் ஆசாரி வந்து
தாழ்ப்பாளைக் கழற்றிப் போன இடத்தில்
நான்கு ஓட்டைகள்.
அவற்றின் வழியாக நான் பார்த்ததேயில்லை
என்று சொன்னால் பொய்.

எதிர்வீட்டு ரோஸ்லினிடம்
சம்மர் கேம்ப் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.
ஃபீஸ் எவ்வளவு, நீச்சல் உண்டா,
எங்க ஜெரோமையும் சேத்துடலாமா?
இடம் முடிந்துவிட்டது என்றேன்.
அது பொய்யில்லை.
இரண்டு மாதம் காத்திருந்து
யாரோ பெற்ற பிள்ளை வீடு திரும்பியதில்
காலியான கட்டில்.
வீடு திரும்பியதில் என்றுதான் போனில் சொன்னார்கள்.
மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்றாம் நாள்.
கால் டாக்ஸியில் ஏசி இருந்தும் இல்லை.
முன் சீட்டில் அவன் அப்பா
பி.எஃப். லோன் காகிதத்தை மடித்தார், பிரித்தார்.
சோழிங்கநல்லூர், கேளம்பாக்கம்.
திருப்போரூர் தாண்டி ஒரு நீல கேட்,
பெயர்ப்பலகை கிடையாது.
வழி முழுக்க யாரும் யாரோடும் பேசவில்லை,
டிரைவர் மட்டும் தன் மச்சானோடு
ஏதோ சீட்டுப் பணத்துக்காகச் சண்டை போட்டார்.

ஆபீசில் எங்கள் கையெழுத்து முடிந்ததும்
அந்த அம்மா ஃபாரத்தை அவன் பக்கம் திருப்பினார்.
'உனக்கு இஷ்டம்னா போடு. இல்லன்னா
இன்னைக்கு சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க.'
மின்விசிறியில் காகிதம் படபடத்தது.
அவர் அதன் மேல் டஸ்டரை வைத்தார், காத்திருந்தார்.
அவன் அப்பா தண்ணீர் குடித்தார்.
இரண்டாவது டம்ளரும் குடித்தார்.

அவன் போட்டான்.
பெயரை எழுதுவான் என்று நினைத்தேன்.
சாய்வாக, ஒரே இழுப்பில், அடியில் இரட்டைக் கோடோடு
பேங்க் மேனேஜர் போடுவதைப் போல ஒரு கையெழுத்து.
எத்தனை பக்கம் போட்டுப் பழகியிருப்பான்,
எந்த நோட்டில், எந்த நாளுக்காக?

பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். செக் செய்தார்கள்.
உள்ளே போய் டிராக் பேன்ட் மாற்றி வந்தவன்
நாற்பது நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்:
'இடுப்பு இறுக்குதும்மா.'

இரு, ஒரு நிமிஷம், என்று பையைத் துழாவினேன்.
கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்
ஊக்கை.