குசினிச் சுவர்

கூலி ஆறாயிரம் என்றார் மேசன்.
வரோதயனின் றில்லை இரவல் வாங்கினேன்.
மீன்பேணியை வைத்து வட்டம் கீறி
அதன் கரைவழியே பதினேழு துளை.
மகள் ரோச் பிடித்தாள், தும்மினாள்.

முதல் தோல் கடினம்.
பிறகு சடாரென்று றில்
என்னையும் இழுத்துக்கொண்டு உள்ளே விழுந்தது.
கல்லுக்கு வயிறு இருந்தது, வெறும் வயிறு.
தட்டி எடுத்தால்
சீமெந்துப்பைக் கடதாசி, பீடிக்கட்டு,
எறும்பு குடியிருந்த மண்.
வீட்டுத்திட்டக் கணக்கில்
இதையும் கல்லென்றுதான் எழுதியிருப்பார்கள்.

மறுதோல் உடைந்தது.
விசுவமடு வெயில் வட்டமாய் வந்து
கரிச்சட்டியில் குந்தியது.

மழைத்தண்ணி உள்ளே வராமல்
குழாயை வெளிப்பக்கம் ஒரு விரல் சரித்தேன்.
இடைவெளிக்குச் சாந்து பூசினேன்.
அடுப்பை மூட்டினேன்.
என் கண் எரியவில்லை.

சோளகம் புகையைத் தூக்கிப்போய்ப்
பக்கத்து வளவுக் கொடியில்
இராசமலரின் வெள்ளைச் சட்டைகளில் போட்டது.

நாளைக்கு ஒரு முழங்கைக்குழாய் வாங்கவேணும்.