தொண்ணூற்றேழு கிலோ

பிப்ரவரி உறைபனியில்
பழைய தொட்டி அடியில் பிளந்துவிட்டது.
விடிகாலை ஐந்தேமுக்கால்.
ராத்திரியெல்லாம் வேனிலிருந்து கசிந்து
ஹார்ட்டில்பூலில் எங்கள் தெருவில் பாதி
கண்ணாடியாகிக் கிடந்தது.
எதிர்வீட்டு நாய் வழுக்கி விழுந்தது.
எழுந்ததும் என்னைத்தான் பார்த்தது.

அதே வாரம்தான், டெஸ்மண்ட், நீ சொன்னாய்,
பேருந்து ஓட்டும் வேலை கிடைத்துவிட்டதென்று.
சூடான இருக்கை. ஓய்வூதியம்.
"பதினோரு வருஷம் அண்ணாந்து பார்த்தாச்சு, ஜோஸி,
இனி நேராகப் பார்த்துப் பிழைக்கிறேன்."
வாழ்த்துச் சொன்னேன்.
சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

டார்லிங்டன் தொழிற்பேட்டையில்
தொட்டிகள் வரிசையாக,
நின்றவையும் படுத்தவையும்.
லியோனல் ஒவ்வொன்றையும் தட்டிக் காட்டுகிறான்
தர்பூசணி விற்பவன் மாதிரி.
நின்ற தொட்டி இடத்தை மிச்சப்படுத்தும்,
படுத்த தொட்டி உயிரை, என்கிறான்.
இருநூற்றைம்பது. முந்நூற்றைம்பது. ஐந்நூறு.
அறுநூற்றைம்பதும் இருக்கிறது,
அது உன் வண்டியை முட்டிபோட வைத்துவிடும்.

ஒரு லிட்டர், ஒரு கிலோ.
அது தெரிந்தால் போதும், மிச்சமெல்லாம் கழித்தல்.
மின்கட்டண உறையின் முதுகில் எழுதுகிறேன்:
வேன் தாங்குவது அறுநூற்று இருபது.
நான் அறுபத்தெட்டு
(கிறிஸ்துமஸுக்கு முன்னால்).
கம்புகள், குழாய்ச் சுருள், பம்பு, பேட்டரி, வடிகட்டி
எல்லாம் சேர்ந்து நூற்றுப்பத்து.
தொட்டியை இறுக்கும் இரும்புச் சட்டம் நாற்பத்தைந்து.
வெறும் தொட்டி முப்பது.
நீ தொண்ணூற்றேழு.

உன்னை வைத்துப் போட்டால் இருநூற்று எழுபது லிட்டர்.
உன்னை அடித்துவிட்டுப் போட்டால் முந்நூற்று அறுபத்தேழு.

அடித்தேன்.
பேனா ஒன்றுக்கு இரண்டு முறை போனது.

முந்நூற்றைம்பது இப்போது தாராளமாக ஏறும்.
ஆனால் அதைச் செலவழிக்க ஆள் வேண்டுமே.
உன் கம்பும் என் கம்பும் ஒன்றாக ஓடிய நாட்களில்தான்
மத்தியானத்துக்குள் தொட்டி வறண்டு
திரும்ப நிரப்ப ஓடினோம்.
ஒற்றைக் கம்புக்கு இருநூறே சாயங்காலம்வரை வரும்.
நீ போனதால் இடம் கிடைத்தது.
நீ போனதால் அந்த இடத்துக்கு வேலையில்லை.

பெரியதை வாங்கிப் பாதி நிரப்பலாமா என்று கேட்டேன்.
லியோனல் பேனா மூடியைக் கடித்தான்.
உள்ளே தடுப்புப் பலகை வைத்தாலும்
பாதித் தண்ணீர் சும்மா இருக்காதாம்.
நீ நின்ற பிறகும் அது போய்க்கொண்டிருக்கும்,
நீ வளைவில் திரும்பினால்
அது நேராகவே போகப் பார்க்கும்.
குறைகுடம் கூத்தாடும் என்பதை
அவன் பழமொழியாகச் சொல்லவில்லை.
சுவரில் ஒரு புகைப்படத்தைக் காட்டினான்:
கழன்று வந்த தொட்டி
ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தது.

இருநூற்றைம்பதை எடுத்துக்கொண்டேன்.
படுத்தது. கறுப்பு, வெளிச்சம் புகாது, பாசி பிடிக்காது.
"இன்னும் நூற்றுப்பதினேழு கிலோ
சும்மா விடுகிறாயே, எதற்கு?"
குளிர்காலத்தில் உப்பு மூட்டை ஏற்ற, என்றேன்.
நம்பினான்.
ரசீதில் என் பெயரைத் தப்பாக எழுதினான்.

திங்கட்கிழமை கழுத்துவரை நிரப்பி
ஓர்மராட் அம்மாள் வீட்டு மாடி ஜன்னல்.
கடற்காற்று ஒட்டிவைத்த உப்பைக் கழுவிவிட்டு
துடைக்காமல் வந்துவிட வேண்டும்.
தண்ணீர் சுத்தமென்றால் தானே காயும்,
புள்ளி வைக்காது.
அவள் கதவைத் திறந்து கேட்டாள்:
"அந்தப் பெரிய ஆள் எங்கே?"

அந்த நேரம் பார்த்து
தெருமுனையில் ஒரு பேருந்து திரும்பியது.
ஓட்டுவது நீயா என்று தெரியவில்லை.
முன்கண்ணாடி
என்ன அழுக்கு, டெஸ்மண்ட்.