ஒரு கை

கழுத்தெலும்பு முறிந்து ஆறு வாரம்.
"குதிரையேற, குதிரை பார்க்க
ஒரு கை வேண்டும்.
சம்பளம் கிடையாது, முட்டை உண்டு."
சாரெமா தீவின் பால்கடைச் சுவரில்
மாரிக்கா ஒட்டிய தாள்.

முதலில் வந்தவனின் பூட்ஸில் விலைச்சீட்டு.
அடுத்தவள் மூன்று கோப்பை வென்றவள்;
சாணியைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

ஊர்வே பேருந்து ஓட்டுகிறவள்.
இரவுப்பணி முடிந்து அப்படியே வந்தாள்.
"யாரைத் தள்ளியது?"
"என்னைத்தான்."
"ஏறத் தெரியுமா உனக்கு?"
"தெரியும். இன்று வேண்டாம்."

தொட்டியில் உறைந்த பனியைக் குதிகாலால் உடைத்தாள்.
குதிரைக்கு முதுகு காட்டி நின்று
உலர்புல்லை உதறி மோந்தாள்,
பாதியை வெளியே எறிந்தாள்:
பூஞ்சை.

மாரிக்காவுக்குக் கோபம்தான் வந்தது.
அதற்குள் அந்தச் சாம்பல்நிறப் பிடிவாதம்
ஊர்வேயின் தோளில்
தாடையை இறக்கி வைத்திருந்தது.

"ஞாயிறு வரமாட்டேன்" என்றாள்,
அசையாமல்.