அழகான கையெழுத்து

நாரின் மலைப்பாதையில் எங்கள் பள்ளி.
அக்டோபரிலேயே பேனாவில் மை உறைந்துவிடும்.
தலைமையாசிரியர் ஜூமாபெக்
தாழ்வாரத்தில் ஒரு மரப்பெட்டி மாட்டினார்.
பெயர் வேண்டாம், குறையை மட்டும் எழுதுங்கள்,
யாரென்று கேட்கமாட்டேன், சத்தியம்.
நெஞ்சில் கைவைத்துத்தான் சொன்னார்.
கை பட்ட இடம்
கோட்டின் இரண்டாவது பொத்தான்.

நான் எழுதினேன்:
ஒன்பதாம் வகுப்புக் கணப்படுப்பு
ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் எரிகிறது.
மற்ற நாளின் நிலக்கரி எங்கே போகிறது?

வெள்ளிக்கிழமை கூப்பிட்டார்.
அவர் அறையில் அடுப்பு நன்றாக எரிந்தது.
தேநீர் ஊற்றி
ஏப்ரிகாட் ஜாம் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.
திட்டவில்லை. மிரட்டவில்லை.
"உன் கையெழுத்து அழகு, அய்ஜரிக்.
அந்த வால் நீண்ட எழுத்துகள்."
அவ்வளவுதான்.
நாக்கு வெந்தது.
தேநீர் சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள்.
அவரிடம் இருந்தது,
பாராட்டு என்று அதற்குப் பெயர்.

திங்கட்கிழமைக்குள் பள்ளி முழுக்கத் தெரிந்துவிட்டது.
அதன்பின் பெட்டியில்
மிட்டாய்த் தாள், ஆப்பிள் கொட்டை,
ஒருமுறை செத்த குளவி.
எர்மெக் குளிர்காலம் முழுக்க
இடக்கையால் எழுதிப் பழகினான்.
பனிக்கட்டிமேல் நடப்பவர்கள் மாதிரி
அவன் எழுத்துகள் கைவிரித்து நின்றன.
ஆண்டறிக்கையில் ஜூமாபெக் எழுதினார்:
குறைகள், இல்லை.
பதவி உயர்ந்து மாவட்டத்துக்குப் போனார்.

அடுத்த நவம்பரில் அனார்கான் வந்தார்.
உரை ஏதும் ஆற்றவில்லை.
எங்கள் கடைசி பெஞ்சில்
ஆறு பாடவேளையும் உட்கார்ந்திருந்தார்.
குறிப்பெடுக்கக் கையுறையைக் கழற்றியவர்
ஐந்தாவது வேளையில் திரும்ப மாட்டிக்கொண்டார்.
மறுநாள் காலை அடுப்பு எரிந்தது.

"பிப்ரவரி பாதிவரைதான் கரி வரும்.
அப்புறம் என்ன செய்வதென்று
எனக்குத் தெரியவில்லை" என்றார்.
பெரியவர் ஒருவர் அப்படிச் சொல்லி
நாங்கள் கேட்டதே இல்லை.
பயத்தில் யாரோ சிரித்தார்கள்.

பதினோராம் தேதியே தீர்ந்துபோனது.
"நான்கு நாள் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன்,
தப்பு என்னுடையது."
ஊரில் கேட்டு வாங்கிய சாண வறட்டியை எரித்து
மூன்று வகுப்புகளை அவர் அறையில் அடைத்தோம்.
அவர் நாற்காலியில் எர்மெக்,
கால் நீளம், தரையில் மடங்காது.
இடமில்லாமல் வாசலில் நின்றவர் அவர்தான்,
காற்று வரும் பக்கம்.

மார்ச்சில்
பெட்டியில் ஒரு தாள் போட்டேன்.
மூன்றாம் அறைச் சன்னலில் ஆணி ஒன்று குறைகிறது.
பெயர் போடவில்லை.
வால்களைக் குறைக்கவும் இல்லை.
அதற்குமேல் என்னால் கொடுக்க முடியவில்லை.

வியாழக்கிழமை ஆணி இருந்தது.
யாரும் கூப்பிடவில்லை.
தேநீர் இல்லை.

எர்மெக் மட்டும்
இன்னும் இடக்கையால்தான் எழுதுகிறான்,
கணக்குப் பரீட்சையைக்கூட.